புது போர்வெல்லா, பழைய ஏரியா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஏரி வற்றினாலே அடுத்த போர் (ஆழ்துளைக் கிணறு) போடத்தான் நிறைய பேர் கிளம்புகிறார்கள். அவசரத்துக்குப் போர் உதவும், மறுக்கவில்லை, நட்ட தக்காளி கண்ணெதிரே வாடும்போது ஏரி நிரம்பும்வரை யாரால் காத்திருக்க முடியும்? ஆனால் இங்கே கீழே இருப்பது கடினப்பாறை. தண்ணீர் தேங்குவது அதன் வெடிப்புகளில் மட்டும்தான், அதனால் ஆயிரம் அடி போனாலும் தண்ணீர் இல்லாமல் பாறைத்தூள் புகை மட்டும் வரலாம். கடன் மட்டும் மிஞ்சும்.

அப்புறம் ஃபுளோரைடு. பாறையோடு நெடுநாள் கிடக்கும் நீரில் அது கரைந்து ஏறுகிறது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் பல்லில் கறை, இன்னும் கூடினால் எலும்பையே பாதிக்கும். காவிரி நீரை இந்த ஊர்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதனால்தான்.

ஏரியைத் தூர்வாருவது மெதுவான வேலை, ஊர் சேர வேண்டும், வரத்துக் கால்வாயில் ஆக்கிரமிப்பு இருந்தால் சண்டையும் வரும். ஆனால் ஒரு மாத மழை இரண்டே நாளில் கொட்டித் தீர்க்கிற இப்போதைய வானிலையில் அந்த வெள்ளத்தைப் பிடித்து வைக்க ஏரியை விட்டால் வேறு எது இருக்கிறது? பக்கத்துக் கிணறுகளும் ஊறும், மீனும் நாரையும் திரும்பும், வண்டலை வயலுக்கு அடிக்கலாம் (2024 முதல் வட்டாட்சியரே அதற்கு அனுமதி தருகிறார்). ஒன்றை மட்டும் கவனியுங்கள், ஏரி முழுக்க ஒரே பள்ளமாகத் தோண்டாதீர்கள், கரையோரம் ஆழம் குறைவாக இருந்தால்தான் பறவைகள் இறங்கி மேயும்.

என்னைக் கேட்டால், போருக்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சத்தை முதலில் வரத்துக் கால்வாய்க்குக் கொடுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால்.