கொலு பார்க் கட்ட எது தேவலை: தெர்மாக்கோலா, அட்டையா, காகிதக் கூழா?

படி கட்டிப் பொம்மைகளை ஏற்றி முடித்ததும் கீழே தரையில் கொஞ்சம் இடம் மிஞ்சும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொலு என்றால் அந்த இடம்தான். மலை, கோயில், குளம், ஓட்டு வீடுகள், செட்டியார் கடை எல்லாம் சேர்ந்த பார்க் அங்கேதான் எழும். கடையில் எல்லாமே தயாராகக் கிடைக்கிறது. ஆனால் பிள்ளைகள் கையால் செய்து வைத்த வீட்டுக்கு முன்னால் அவர்கள் உட்காரும் நேரமே வேறு. அதனால் வருஷா வருஷம் வீட்டில் கிடைப்பதை வைத்தே கட்டுகிறோம். எதில் கட்டுவது என்பதில் எனக்கு இப்போது தெளிவான அபிப்பிராயம் இருக்கிறது.

முதலில் தெர்மாக்கோல். டிவி, மிக்ஸி வாங்கிய பெட்டியோடு வந்துவிடும், எடை கிடையாது, கோபுரத்தின் தளங்களை அடுக்கடுக்காக அரை மணி நேரத்தில் வெட்டிவிடலாம். வேகத்தில் இதற்கு ஈடில்லை. தொல்லை அதற்கப்புறம்தான். வெட்டும்போது உதிரும் மணிகள் வீடு முழுக்க ஒட்டிக்கொண்டு, துடைப்பத்துக்கும் அடங்காது. ஒரு வருஷம் கோபுரத்துக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். அதிலிருக்கும் கரைப்பான் தெர்மாக்கோலைத் தின்று, கோபுரத்தின் ஒரு பக்கம் குழி குழியாக உருகிப் போனது. மகள் அழுதுவிட்டாள். வாட்டர் கலரும் ஃபெவிகாலும்தான் அதற்குச் சரி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் அலங்காரத்துக்கான தெர்மாக்கோலும் இருக்கிறது. பெட்டியோடு வந்த துண்டை மலைக்கு அடியில் முட்டுக் கொடுக்க வைத்துக்கொள்ளலாம். இதற்கென்று புது ஷீட் வாங்காதீர்கள்.

அட்டைக்கு வருகிறேன். ஆன்லைனில் எது வாங்கினாலும் ஒரு அட்டைப் பெட்டி வீட்டுக்கு வருகிறது. அதன் மேல்தாளை லேசாக நனைத்து உரித்தால் உள்ளே வரி வரியாக நெளிவு தெரியும். செங்காவி நிறம் பூசினால் அதுவே ஓட்டுக் கூரை. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எங்கள் பார்க்கில் ஓட்டு வீடுகளுக்குக் குறைவே இல்லை. திண்ணைக்குத் தீப்பெட்டி, திண்ணைத் தூணுக்குப் பழைய பேனாக் குழாய், கோபுரக் கலசத்துக்குப் பற்பசை மூடி. கோயில் மதிலுக்கு வெள்ளைத் தாள் ஒட்டி, காவிப் பட்டை தீட்டினால் போதும், தூரத்திலிருந்தே கோயில் என்று தெரிந்துவிடும். அளவில் மட்டும் கவனம் வேண்டும். நிற்கிற பொம்மை 3 அங்குலம் என்றால் வாசல் 4 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. இல்லாவிட்டால் வீட்டுக்காரர் தன் வீட்டுக்குள்ளேயே நுழைய முடியாது. அட்டையின் குறை ஈரம். குளத்துக்கும் முளைப்பாரித் தட்டுக்கும் பக்கத்தில் வைத்தால் அடி ஊறிச் சாய்ந்துவிடும். வீட்டுக்கு அடியில் ஒரு பழைய பால் கவரை விரித்துவிடுங்கள்.

காகிதக் கூழ் பொறுமைக்காரர்களுக்கு. செய்தித்தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, மிக்ஸியில் அடித்து, மைதாப் பசை சேர்த்துப் பிசைய வேண்டும். பழைய முறத்துக்கும் கூடைக்கும் காகிதத்தோடு வெந்தயம் சேர்த்து ஆட்டிப் பூசுவார்கள் இல்லையா, அதே கைவேலைதான். மைதாவை விட எனக்கு வெந்தயம் பிடிக்கும். காய்ந்த பிறகு இறுகி நிற்கிறது. மலை, பாறை, குகை ஆகியவற்றுக்கு இதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் விரல் தடிமன் பூசினால் நல்ல வெயிலிலேயே மூன்று நாளாவது காய வேண்டும். புரட்டாசியில் சாயங்கால மழை வந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மெல்லிசாக இரண்டு மூன்று தடவை பூசுவதே நல்லது. வீடு கட்ட இதை எடுக்காதீர்கள். சுவர் நேராக நிற்காது.

களிமண்ணும் உண்டு. பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கியதில் மீந்தது இருந்தால் மலைக்குப் பயன்படும். காயும்போது விரிசல் விடும், மலைக்கு அது அழகுதான். எடை அதிகம், பரணில் ஏற்ற முடியாது. முடிந்ததும் வாளித் தண்ணீரில் கரைத்துத் தொட்டிச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

இனி புல்தரை. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கடுகு இரண்டே நாளில் முளைத்துவிடும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அது புல் மாதிரி இருக்காது. ஜோடி ஜோடியாக வட்ட இலை விட்டு, குட்டித் தோட்டப் பயிர் போல நிற்கும். வீட்டுக்குள் வெளிச்சம் போதாமல் தண்டு நீண்டு, ஐந்தாறு நாளில் ஒரு பக்கமாகப் படுத்துவிடும். சரஸ்வதி பூஜை அன்று வருகிறவர்கள் பார்ப்பது அந்தப் படுத்த கடுகைத்தான். கேழ்வரகு மெதுவாக வரும், ஆனால் அசல் புல்லாகவே வரும்: மெல்லிய இதழ், ஒரே சீரான பச்சை. இரவில் ஊறவைத்து, துணியில் கட்டி முளை கண்டதும் ஈர மண்ணில் நெருக்கமாகத் தூவுங்கள். மகாளய அமாவாசைக்கு நாலு நாள் முன்பே விதைத்துவிட்டால் முதல் நாள் தரை பச்சையாக இருக்கும். கடுகை அப்புறம், மூன்றாம் நாள் வாக்கில், வயலுக்கென்று தனித் தட்டில் போடுங்கள். தட்டுகளைத் தினமும் ஜன்னல் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். தண்ணீரை ஊற்றாமல் கையால் தெளியுங்கள். பச்சைச் சாயம் போட்ட மரத்தூள் வேலையே வைக்காது; பாதை ஓரத்துக்கு அது போதும். ஆனால் காலையில் எழுந்ததும் புல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று குழந்தை ஓடி வந்து பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

குளத்துக்குக் கண்ணாடியா, தட்டில் தண்ணீரா? என் ஓட்டு கண்ணாடிக்கு. கோபுரம் அதில் தலைகீழாகத் தெரியும், அட்டையும் நனையாது. ஓரத்தை மணலால் மறைத்துவிடுங்கள்.

வீடுகளின் கூரையை ஒட்டாமல், கழற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்த பிறகு, மறுநாள் சுவர்களை மடித்து, கூரைகளை அடுக்கினால் எங்கள் தெரு முழுவதும் ஒரே செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது.