ஹாரோ கவுன்சில் தேர்தல் முடிவுகளைப் பள்ளத்தூரில் உட்கார்ந்து வாசித்தபோது

பிள்ளைகளை லண்டனில் வைத்திருக்கும் நம் செட்டிநாட்டுப் பெற்றோருக்கு அந்த நாட்டுப் பிரதமர் யார் என்று தெரியும். பிள்ளை குடியிருக்கும் பரோவின் (லண்டனின் உள்ளாட்சிப் பகுதியின்) கவுன்சில் யார் கையில் என்று கேட்டால் பெரும்பாலும் தெரியாது. ஆனால் அவர்கள் தெருவில் குப்பை அள்ளுவதும், பேரப் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையைப் பார்த்துக்கொள்வதும், வீட்டு வரி வாங்குவதும், தனியாக இருக்கும் முதியவர்களுக்கு உதவி ஏற்பாடு செய்வதும் அந்தக் கவுன்சில்தான். அதன் தேர்தல் முடிவுகள் வார்டு வார்டாக இணையத்தில் கிடக்கின்றன. காசு கிடையாது, பதிவு செய்ய வேண்டியதில்லை, பள்ளத்தூரிலிருந்தும் திறக்கிறது. இந்தச் சேவையைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வாக்குச்சாவடியிலும் வாக்கு எண்ணும் மேசையிலும் வேலை பார்த்தவள். அந்தக் கண்ணோடு பார்த்ததைச் சொல்கிறேன்.

என் மகள் குடும்பம் இருப்பது லண்டனின் வடமேற்கில் உள்ள ஹாரோவில், ரெய்னர்ஸ் லேன் பக்கம். தமிழ்க் கடைகள் நிறைந்த இடம். அவளிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான். பக்கத்து வீட்டு ஆச்சி, "ஏத்தா, அந்த ஊரு எலெக்சன்ல நம்ம பிள்ளைக்கு எப்படி ஓட்டு குடுத்தான்?" என்று நம்பாமல் கேட்டார்கள். கொடுக்கிறார்கள். முறையான விசாவோடு அங்கே குடியிருக்கும், இந்தியா உள்ளிட்ட காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் கவுன்சில் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். 2023 முதல் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும் என்று விதி வந்தபோது, ஏற்கப்படும் அடையாளங்களில் காமன்வெல்த் நாடுகளின் பாஸ்போர்ட்டும் இருந்தது. ஆகவே இது நம் பிள்ளைகளின் வாக்கும் எண்ணப்பட்ட கணக்கு. எனக்கு அக்கறை வந்ததே அதனால்தான்.

நான் எடுத்து வாசித்தது 2022 மே 5 அன்று நடந்த தேர்தல். லண்டன் பரோக்களில் நாலு வருஷத்துக்கு ஒரு முறை எல்லா இடங்களுக்கும் சேர்த்துத் தேர்தல் வரும். ஹாரோவில் 55 இடங்களில் கன்சர்வேட்டிவ் கட்சி 31, லேபர் 24. அதற்கு முந்தைய 2018 தேர்தலில் லேபர் 35, கன்சர்வேட்டிவ் 28. அதே 2022இல் வெஸ்ட்மின்ஸ்டர், வாண்ட்ஸ்வொர்த், பார்னெட் என்று பெரிய பெரிய கவுன்சில்கள் கன்சர்வேட்டிவ் கையிலிருந்து லேபருக்குப் போயின. ஹாரோ எதிர்த்திசையில் போனது. செய்திகளில் லண்டன் முழுக்க ஒரே காற்று அடித்ததாகத்தான் படித்திருந்தேன். வார்டுப் பக்கத்தைத் திறந்தால்தான் ஊருக்கு ஊர் கணக்கு வேறு என்பது கண்ணில் படுகிறது.

கூட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2018இல் 35ம் 28ம் சேர்ந்தால் 63. 2022இல் மொத்தமே 55. இடையில் எல்லைகளைத் திருத்தி 22 வார்டுகளாக்கி, இடங்களைக் குறைத்தார்கள். அதனால் ஒரே பெயரில் இருக்கும் பழைய வார்டையும் புதிய வார்டையும் பக்கத்தில் வைத்து, யாருக்கு எத்தனை கூடியது குறைந்தது என்று பார்க்க முடியாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் தெருக்கள் மாறியிருக்கும்.

இனி பக்கத்தின் அமைப்பு. வார்டைத் தொட்டால் வேட்பாளர் பெயர், கட்சி, வாங்கிய வாக்கு, சதவீதம், தேர்வானாரா இல்லையா என்று ஒரு பட்டியல். அதன் கீழே மொத்த வாக்காளர் எண்ணிக்கை, கொடுத்த வாக்குச்சீட்டு, செல்லாதவை. பல கவுன்சில்கள் ஏறக்குறைய இதே வடிவத்தைத்தான் வைத்திருக்கின்றன, ஒன்றைப் படிக்கப் பழகினால் மற்றதும் எளிது. பழைய தேர்தல்களின் பக்கங்களும் அழியாமல் நிற்கின்றன. எனக்கு இதுதான் பெரிய விஷயம். தோற்றவர் பெயரும் அவருக்கு விழுந்த வாக்கும் வருஷங்கள் கழித்தும் அதே இடத்தில் இருக்கிறது.

சதவீதத்தில் மட்டும் நம்மவர்கள் ஏமாந்துவிடக் கூடாது. அங்கே ஒரு வார்டுக்கு ஒரே கவுன்சிலர் என்று இல்லை. ஹாரோவில் சில வார்டுக்கு இரண்டு பேர், சிலவற்றுக்கு மூன்று பேர். மூன்று பேர் வார்டில் ஒரு வாக்காளர் ஒரே சீட்டில் மூன்று பேர் வரை பெருக்கல் குறி போடலாம். 3,000 பேர் வந்து ஆளுக்கு மூன்று போட்டால் வாக்கு 9,000 ஆகிவிடும். அதில் ஒருவருக்கு 1,500 பேர் போட்டிருந்தால், வந்தவர்களில் பாதிப் பேர் அவரை விரும்பினார்கள் என்று பொருள். ஆனால் மொத்த வாக்கால் வகுத்தால் 17 சதவீதம்கூட வராது. இத்தனை குறைவாக வாங்கியவர் எப்படி ஜெயித்தார் என்று தோன்றும். வாக்கு எண்ணிக்கையை, வழங்கிய சீட்டு எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சரியான படம் அப்போதுதான் கிடைக்கும்.

இன்னொன்றும் பட்டியலில் தெரியும். சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் இருக்கும். ஒரே கட்சியின் மூன்று பேரில் மேலே பெயர் உள்ளவருக்கு வாக்கு கொஞ்சம் கூடுவதும் கீழே போகப் போகக் குறைவதும் இந்த மாதிரித் தேர்தல்களில் அடிக்கடி நடப்பது. ஜெயிக்கிறவருக்கும் தோற்கிறவருக்கும் இடைவெளி சிறிதாக இருக்கும் வார்டில் அகரவரிசையே முடிவைத் தீர்மானித்துவிடலாம். நம் வேட்பாளர்கள் இதைப் பார்த்தால் தூக்கம் போய்விடும்.

நான் நெடுநேரம் நின்றது செல்லாத வாக்குகளில்தான். தேர்தல் அதிகாரி வெளியிடும் முடிவு அறிவிப்பில் செல்லாத சீட்டுகளைக் காரணத்தோடு பிரித்துப் போடுகிறார்கள்: சீட்டில் இருக்க வேண்டிய அதிகாரபூர்வக் குறி இல்லாதவை, அனுமதித்ததைவிட அதிகம் பேருக்குக் குறி போட்டவை, போட்டவர் யார் என்று தெரியும்படி எழுதியவை, ஒன்றும் போடாதவை அல்லது யாருக்கென்று தெரியாதவை. நாலு காரணம், நாலு எண். மூன்றுக்குப் பதில் இரண்டு பேருக்கு மட்டும் போட்டால் அந்தச் சீட்டு செல்லும். நாலு பேருக்குப் போட்டால் அத்தனையும் போச்சு.

2019 டிசம்பரில் நம் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வாக்குச்சீட்டில்தான் நடந்தது. கிராமத்து வாக்காளருக்கு நாலு சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்கு பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். எண்ணும்போது முதலில் நிறம் பிரிக்க வேண்டும், அதற்கே கை சோர்ந்துவிடும். இரண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டில் விழுந்த முத்திரை, எல்லாச் சின்னத்திலும் வரிசையாக வைத்த முத்திரை, வெறுஞ்சீட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைத்திருக்கிறேன். வேலையைப் போட்டுவிட்டு, வெயிலில் வரிசையில் நின்று வந்தவரின் சீட்டு அது. எல்லாச் சின்னத்திலும் முத்திரை விழுந்த சீட்டு அதிகம் இருந்தால், அந்த ஊரில் அடுத்த முறை யாராவது போய் விளக்க வேண்டும் என்று அர்த்தம். வெறுஞ்சீட்டு அதிகம் என்றால் அது வேறு கோபம். காரணம் பிரித்து எல்லாரும் பார்க்கும்படி போட்டால்தான் இரண்டும் வேறு வேறு என்று தெரியும். சாக்கோட்டை ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊராட்சி வார்டுக்கும், எங்கள் பேரூராட்சியின் ஒவ்வொரு வார்டுக்கும் இப்படி ஒரு பக்கம், தமிழில், அடுத்தடுத்த தேர்தலிலும் அழியாமல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

குறைகள் உண்டு. இவை எந்த ஒரு கவுன்சிலுக்கும் தனியாகச் சொல்வதில்லை, இந்த வகைப் பக்கங்கள் பலவற்றுக்கும் பொது. நான் மதிக்கும் அந்த நாலு காரணங்கள் முதல் பக்கத்தில் இருப்பதில்லை. மொத்த எண் மட்டும் இருக்கும், பிரித்த கணக்குத் தனிக் கோப்பில் இருக்கும், அதுவும் காகிதத்தை ஸ்கேன் செய்து ஏற்றியதாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கக் கண் வலிக்கும். செல்போனில் பட்டியலின் வலது ஓரம் வெட்டுப்படுகிறது, யார் தேர்வானார் என்ற கட்டமே அங்கேதான் இருக்கிறது. எல்லை மாறியதைப் பற்றி பழைய முடிவின் தலையிலேயே ஒரு வரி போட்டிருக்கலாம். ஒவ்வொருவருக்கும் எத்தனை வாக்கு உண்டு என்பதையும் சதவீதத்துக்கு அருகிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மதிப்பெண் ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது செல்லாத வாக்குக் கணக்கை உள்ளே தள்ளி வைத்ததற்காக.

பார்க்க நினைப்பவர்கள் முதலில் பிள்ளையிடம் வார்டின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பரோவின் பெயர் மட்டும் போதாது, அஞ்சல் குறியீடும் வார்டும் ஒன்றாக இருக்காது. செல்போனை விட்டுவிட்டுக் கணினியில் திறங்கள். வீட்டில் கணினி இல்லாதவர்கள் காரைக்குடிக்குப் போகும்போது பிரவுசிங் சென்டரில் தாளைப் படுக்கை வாட்டில் வைத்துப் பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள், வலது ஓரம் வெட்டுப்படாது. கூடவே அந்த முடிவு அறிவிப்புக் கோப்பையும் மறக்காமல் கேளுங்கள்.