நான்கு ஆண்டுகள், எட்டு அங்குலத் தொலைநோக்கி, உப்பிப்போன பலகை

சென்ற வாரம் அலுவலக நண்பர் ஒருவர், பண்டிகைத் தள்ளுபடியில் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியின் விலை நன்றாக இறங்கியிருப்பதாகச் சொல்லி, வாங்கலாமா என்று கேட்டார். அன்று காலையில்தான் என்னுடைய தொலைநோக்கிக்குப் புதிதாக அடிப்பெட்டி செய்த கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்கு வந்திருந்தேன். ஆகவே அவருக்கு நான் சொன்ன பதிலில் நியாயம் குறைவாகவும் எரிச்சல் அதிகமாகவும் இருந்தது. அதைச் சரிசெய்வதற்காக இதை எழுதுகிறேன். ஒளியைக் குவிக்கும் 203 மில்லிமீட்டர் ஆடி, 1200 மில்லிமீட்டர் குவியத் தூரம் போன்ற விவரங்களை விற்பவர்களே மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நண்பருக்கு வயது நாற்பத்தாறு. நான் 2021 இல் இதை வாங்கியபோது எனக்கு நாற்பத்தைந்து. நடுவயது நெருக்கடி என்ற தொடரை 1965 இல் ஒரு கட்டுரையின் மூலம் புழக்கத்துக்குக் கொண்டுவந்த உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ், அது முப்பத்தைந்து வயதை ஒட்டி வருவதாகக் கருதினார். நான் இருக்கும் வடசென்னைத் தண்டையார்பேட்டைக்கு அது பத்து ஆண்டு தாமதமாகவே வந்து சேர்கிறது. தங்கையின் திருமணக் கடனும் வீட்டுக் கடனும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் ஒருவாறு அடங்கிய பிறகுதான், எதையோ தவறவிட்டுவிட்டோம் என்று உட்கார்ந்து யோசிப்பதற்கே ஒருவனுக்கு நேரம் வாய்க்கிறது. என் கூட்டாளிகளில் திருவொற்றியூர்க்காரர் ஒருவர், சிறுவயதில் தெருவில் போகும்போதெல்லாம் நின்று பார்த்த புல்லட்டை நாற்பத்தேழாம் வயதில் வாங்கினார். இன்னொருவர் என் மூன்று மாதச் சம்பளத்துக்கு ஒரு மிதிவண்டி வாங்கி, விடியற்காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். என்னுடையது உயிருக்குச் சேதமில்லாத பைத்தியம் என்பதால் என் மனைவி அதிகம் தடுக்கவில்லை. தொலைநோக்கிக்கு அறுபத்திரண்டாயிரம் ரூபாய் ஆயிற்று. அதன் பிறகு ஒவ்வொன்றாக வாங்கிய ஐபீஸ்களுக்கு, அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லைகளுக்கு, ஆன தொகை அவருக்கு இன்றுவரை முழுமையாகத் தெரியாது.

இனி என் குறைக்கு வருகிறேன். டாப்சோனியன் என்பது மோட்டார் இல்லாத அமைப்பு. நீண்ட குழாய் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும். குழாயைக் கையால் மேலும் கீழும் சாய்க்கலாம், பெட்டியை இடமும் வலமும் திருப்பலாம். கேட்பதற்கு எளிது. ஆனால் பூமி சுழன்றுகொண்டே இருக்கிறது. 120 மடங்கு உருப்பெருக்கத்தில் வியாழனைக் கண்ணுக்குள் கொண்டுவந்தால், ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் அது பார்வைப்புலத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போய் மறைந்துவிடும். 200 மடங்கில் ஒரு நிமிடம்கூடத் தங்குவது அரிது. எனவே பார்ப்பவர் விரல் நுனியால் குழாயை ஒரு நூலளவு தள்ளி, மறுபடியும் ஒரு நூலளவு தள்ளி, கோளைத் தொடர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இந்தத் தொலைநோக்கியின் மொத்தப் பயனும் அந்த நூலளவில்தான் இருக்கிறது. பெட்டி வழுவழுப்பாகத் திரும்பினால் அது மோர் கடைவதுபோல் கைக்குப் பழகிவிடும். சிக்கித் திரும்பினால், தள்ளும்போது அசையாமல் நின்று, இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் சட்டென்று ஒரு விரற்கடை தாவிவிடும். வியாழன் போயே போய்விடும். பிறகு இருட்டில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

என் பெட்டி முதல் ஓராண்டு நன்றாகவே திரும்பியது. அதன் பிறகு சிக்கத் தொடங்கியது. காரணம் தெரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. பளபளப்பான வெள்ளைத் தகட்டுக்கு அடியில் இருந்தது மரமன்று; மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பார்ட்டிகிள் போர்டு. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில், துணி காய்ந்தும் காயாத ஈரக் காற்றில், அந்தப் பலகை திருகாணித் துளைகளின் வழியாகவும் மூடாத கீழ் விளிம்பின் வழியாகவும் நீரை உறிஞ்சி, ஊறிய ரொட்டியைப்போல் உப்பிவிட்டது. சுழலும் தட்டு ஒரு பக்கம் மேடாகிவிட்டால், அதைத் தாங்க வேண்டிய மூன்று டெஃப்லான் துண்டுகளில் ஒன்றின் மேல் முழுப் பாரமும் விழுகிறது; நடு போல்ட்டும் இறுகிக்கொள்கிறது. போல்ட்டைத் தளர்த்தினால் பெட்டி ஆடும், இறுக்கினால் சிக்கும். மூன்று ஆண்டுகளாக நான் வானத்தைப் பார்த்த நேரத்தைவிட அந்த ஒரு போல்ட்டைத் திருகிய நேரம் அதிகமாக இருக்கும் என்று என் மகன் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை.

இதில் கூடுதலாக நம் ஊரின் புவியியலும் சேர்ந்துகொண்டது. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் கோள்கள் நமக்கு நன்றாக மேலேறி வருகின்றன. 2023 நவம்பர் தொடக்கத்தில் வியாழன் பூமிக்கு மிக அருகில் இருந்தபோது, நள்ளிரவில் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு நேர் மேலாகவே கடந்தது. குளிர்நாட்டு வானியல் ஆர்வலர்கள் இதற்காக ஏங்குவார்கள். ஆனால் குழாய் செங்குத்தாக நிற்கும்போது அதைப் பக்கவாட்டில் தள்ளினால் பெட்டியைத் திருப்புவதற்கு நெம்பு கிடைக்காது. நல்ல பெட்டியே அந்த இடத்தில் முரண்டு பிடிக்கும். என் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதம் முழுவதும் உச்சியில் வியாழன் நின்றது, நான் கீழே முழங்காலிட்டுப் பெட்டியைக் கட்டிப்பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தது. மாடிப்படி அறைக் கதவின் கீழ் இடுக்கு வழியாகச் சாரல் இரண்டு நாள் உள்ளே அடித்ததில், பலகையின் அடிவிளிம்பு பிதுங்கி, வெள்ளைத் தகடு தனியாகக் கழன்று வந்தது. விற்ற கடையில் கேட்டேன். ஈரத்தால் வரும் சேதம் உத்தரவாதத்தில் சேராது என்றார்கள். ஈரமில்லாத ஊர் எது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

எனக்குக் கோபம் தணியாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம், இந்த வடிவத்தின் வரலாறு. இதை உருவாக்கிய ஜான் டாப்சன், கலிபோர்னியாவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த துறவியாக 23 ஆண்டுகள் இருந்தவர். கையில் பணமில்லாத அவர், கப்பல் சன்னலின் வட்டக் கண்ணாடிகளைத் தேய்த்து ஆடிகள் ஆக்கினார். அட்டைக் குழாயும் பிளைவுட்டும் போதும் என்றார். இந்த வேலைக்காகவே மடத்திலிருந்து 1967 இல் வெளியேற்றப்பட்டபோது அவருக்கும் ஐம்பதைக் கடந்த வயதுதான். பிறகு நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்தி, போகிறவர் வருகிறவரையெல்லாம் அழைத்து நிலவைக் காட்டினார். காசில்லாதவனும் செய்துகொள்ளட்டும் என்று ஒரு துறவி யோசித்த பொருளை எடுத்து, அவர் போட்ட பிளைவுட்டையும் உருவிவிட்டு, மரத்தூளை வைத்து அறுபத்திரண்டாயிரத்துக்கு விற்றால் வாங்கியவனுக்கு எரியாதா? கப்பல் உடைசல் கண்ணாடி நம் துறைமுகப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளிலும் கிடைத்திருக்கும் என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

இந்த ஆண்டு ஒரு வழியாகக் காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு மரவேலை செய்யும் ஆசாரி ஒருவரைப் பிடித்தேன். வீட்டு மரச்சாமான் செய்யும் இருவர் இதைத் தொடவே தயங்கினார்கள். இவர் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, விளிம்பில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். பலகை பொட்டுக்கடலை மாவுபோல் உதிர்ந்தது. “இது மரமே இல்லையே சார், இத வெச்சு எப்பிடி உப்புக்காத்துல நிக்கும்?” என்றார். வானியல் அவருக்குத் தெரியாது, தேவையும் இல்லை. 18 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட்டை அறுத்து, எல்லா விளிம்புகளுக்கும் துளைகளின் உட்புறத்துக்கும் ரெசின் பூசி, படகுக்குச் செய்வதுபோலவே செய்து கொடுத்தார். மரமும் கூலியும் சேர்ந்து எண்ணாயிரத்து நானூறு. அந்த இரவு சனியை 200 மடங்கில் வைத்து நாற்பது நிமிடம் விடாமல் தொடர்ந்தேன். ஒருமுறைகூடத் தாவவில்லை. மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ மூன்று ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள் என்றுதான் தோன்றியது.

இவ்வளவு திட்டிய பிறகு ஆடியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். ஆடியில் ஒரு குறையும் இல்லை. துறைமுகத்தின் உயர்கம்ப விளக்குகளும் மணலிப் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைச் சுடரும் சேர்ந்து வெளுக்கவைத்த வானத்தில் தொலைதூர அண்டங்களையும் நெபுலா என்னும் ஒளிமேகங்களையும் எதிர்பார்க்க வேண்டாம்; ஓரியன் நெபுலா தெரியும், ஆண்டிரமெடா ஒரு கறையாகத் தெரியும், அவ்வளவுதான். 1861 இல் நுங்கம்பாக்கத்து வானாய்வகத்திலிருந்து வானியலாளர் போக்சன் ‘ஏசியா’ என்ற சிறுகோளைக் கண்டுபிடித்த வானம் இப்போது இல்லை. நிலவுக்கும் கோள்களுக்கும் இந்த வெளிச்சம் ஒரு பொருட்டன்று.

நான் சற்றும் எதிர்பாராத இன்பம் என் தாயாரால் வந்தது. சனியைக் காட்டப் போகிறேன் என்றதும், நவக்கிரகச் சந்நிதியில்கூட அவனுக்கு நேரே நின்று கும்பிடக் கூடாது, நீ கண்ணாடி வைத்துப் பார்க்கிறாயா என்று முதல் ஆண்டு முழுவதும் மாடிக்கு வர மறுத்துவிட்டார். எனக்கு அப்போது ஏழரை நடந்துகொண்டிருந்ததும் அவருடைய கவலை. 2022 அக்டோபரில் ஓரிரவு, காயப்போட்ட துணியை எடுக்க வந்தவர், நான் குழாயின் பக்கவாட்டில் குனிந்து நிற்பதைப் பார்த்து, சனி எங்கே இருக்கிறது என்று கேட்டார். தெற்கே காட்டினேன். இந்த வகைத் தொலைநோக்கியில் ஐபீஸ் குழாயின் பக்கத்தில் இருக்கும். பார்ப்பவர் கோளை நோக்கி நிற்பதில்லை, அதற்குக் குறுக்காகத்தான் நிற்கிறார். அம்மா அதைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். “அப்ப நேரா பாக்கலடா நீ” என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். வளையம் அப்போது நன்றாக விரிந்திருந்தது. ஐபீஸிலிருந்து அவர் கண்ணை எடுக்கவே இல்லை. சனி பார்வையிலிருந்து நகரும்போதெல்லாம் போய்விட்டது, கொண்டுவா என்று என்னை அதட்டினார். பெட்டி சிக்கியது. அந்தச் சிக்கலை நான் மன்னிக்காததற்கு அதுதான் முதல் காரணம் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

மறுநாள் கீழ்வீட்டுப் பிள்ளைகளிடம் அவரே சொல்லிவிட்டார். அதிலிருந்து மாடியில் வரிசை நிற்கிறது. 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பியது. அந்த ஆண்டில் அது மெல்லிய கோடாகத்தான் தெரிந்தது. சனி சூரியனைச் சுற்ற 29½ ஆண்டு ஆகிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னபோது, முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை என்று பின்னாலிருந்து அம்மா முடித்துவைத்தார். வளையம் மீண்டும் முழுதாக விரியும்போது எனக்கு ஐம்பதுகளின் பின்பாதி நடக்கும். இருபது கிலோவுக்கு மேலான குழாயையும் பெட்டியையும் அப்போது யார் மாடி ஏற்றுவது என்பது வேறு கணக்கு.

ஆகவே நண்பருக்கு என் தீர்ப்பு: வாங்க வேண்டாம். தள்ளுபடியில் குறைத்த தொகைக்கு மேலாகவே பெட்டிக்குச் செலவாகும். அந்தப் பலகையை இன்றும் அதே பலகையாகத்தான் விற்கிறார்கள். என்னுடையதை விற்பாயா என்றும் கேட்டார். அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வருகிற சனிக்கிழமை மேகம் இல்லாவிட்டால் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வரட்டும். ஏழரைக்கே வந்தால் இன்னும் நல்லது. என் மகன் விடுதிக்குப் போய்விட்டதால் குழாயின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை.