ஏஆரைக் கூட்டவா, பாட்டை மெதுவாக்கவா? ரிதம் கேமில் நோட் படிக்கப் பழகும் வழிகள்

சித்தி மகன் குளச்சலில் இருந்து லீவுக்கு வந்தால், தக்கலையில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த கையோடு என் கம்ப்யூட்டரைப் போட்டுவிடுவான். சித்தி கொடுத்துவிட்ட பை வாசலிலேயே கிடக்கும். ஊர்த் திருவிழா பேண்டில் சைடு டிரம் அடிக்கிறவன். விரலிலும் மணிக்கட்டிலும் வேகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஓசுவில், அதாவது பாட்டின் தாளத்துக்குத் திரையில் வரும் நோட்டுகளைத் தட்டுகிற ரிதம் கேமில், 180 பிபிஎம் (நிமிஷத்துக்கு 180 பீட்) பாட்டு வந்தால் பாதியிலேயே கையை எடுத்துவிடுவான்.

“எல்லாம் சேந்து ஒரே குவியலாட்டு கிடக்கு அண்ணே. எது முதல்ல, எது பின்னன்னு பிடிகிட்டல்ல.”

இதற்கு யூடியூபில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். ஸ்பீடைக் கூட்டு என்பார் ஒருவர், குறை என்பார் இன்னொருவர். ஒரே மேப்பை (ஒரு பாட்டுக்கு அமைத்த நோட் வரிசையை) நூறு தரம் ஆடு, தினம் புது மேப் ஆடு, நோட்டை மறைக்கிற ஹிடன் மோட் போட்டு ஆடு, மானிட்டரை மாற்று என்று பட்டியல் நீளும். நானே நாலைந்து வருடமாக ஒவ்வொன்றாக முயன்று பார்த்தவன். எது யாருக்கு உதவும் என்பதை அவனை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தோற்றுப்போன மேப்பின் ரீப்ளேயைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். அடுத்தது எங்கே வரும் என்று கண் தடங்கலில்லாமல் தொடர்ந்து போனால் குறை கையில். பார்க்கும்போதே குழம்பினால் குறை கண்ணில். கைக் குறைக்குக் கண் வைத்தியம் பார்த்து ஆறு மாதம் போக்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன். தம்பிக்குக் கண்தான்.

ஏஆர்: கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன?

2007-ல் வெளிவந்த ஓசுவில் ஒரு வட்டம், அதாவது ஒரு நோட், திரையில் தோன்றியதில் இருந்து அதைத் தட்ட வேண்டிய நொடி வரை எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை அப்ரோச் ரேட், அதாவது ஏஆர், தீர்மானிக்கிறது. ஏஆர் 5 என்றால் 1200 மில்லி செகண்டு. 8 என்றால் 750, 9 என்றால் 600, 10 என்றால் 450. நோட்டுகள் மேலிருந்து இறங்கும் கேம்களில் ஸ்க்ரோல் ஸ்பீடு செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 180 பிபிஎம்மில் ஒரு பீட்டுக்கு நாலு நோட் என்று இடைவிடாமல் ஸ்ட்ரீம் வந்தால் இரண்டு நோட்டுக்கு நடுவே சுமார் 83 மில்லி செகண்டு. ஏஆர் 8-ல் ஒரே சமயத்தில் திரையில் 9 நோட் இருக்கும். ஏஆர் 9-ல் ஏழு. ஏஆர் 10-ல் ஐந்து சொச்சம். ஆக, ஏஆரைக் கூட்டினால் கூட்டம் குறைகிறது, கூடவே பார்க்கும் நேரமும் குறைகிறது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்குகிற வியாபாரம் இது.

“குவியலாட்டு” தெரிகிறவர்கள் ஏஆரை ஒரு படி கூட்டிப் பார்க்கலாம். நோட் குறைவாகத் தெரிவதால் உடனே தெளிவு வந்தது போல இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. 9-ல் தடுமாறியவன் 9.5-க்குத் தாவினேன், இரண்டு வாரம் ராஜா மாதிரி இருந்தது. பிறகு ஏஆர் 8 மேப் ஒன்று வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளையாகிவிட்டேன். கூட்டத்தைப் படிக்கக் கற்காமல் கூட்டத்தில் இருந்து தப்பிக்க மட்டும் கற்றிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. திரையில் ஒன்று தெரிந்ததும் ஒரு பட்டனை அமுக்கு என்றால் சாதாரண ஆளுக்கு 200 முதல் 250 மில்லி செகண்டு ஆகும். நோட்டுகளுக்கு நடுவே இருப்பதோ 83. ஒவ்வொரு நோட்டையும் பார்த்து, பார்த்துத் தட்டுவது யாராலும் முடியாது. வேகமாக ஆடுகிறவர்கள் நாலைந்தை ஒரே உருவமாகப் பார்க்கிறார்கள், கை ஒன்றில் இருக்கும்போது கண் அடுத்த உருவத்துக்குப் போய்விடுகிறது. நாகர்கோவிலில் பஸ் ஸ்டாண்டில் திரும்பி நுழைகிற பஸ்ஸின் போர்டைப் பாருங்கள். குலசேகரமா, கருங்கலா, தேங்காப்பட்டணமா என்று எழுத்துக் கூட்டியா படிக்கிறோம்? எழுத்தின் நீளத்தையும் வளைவையும் பார்த்ததுமே கால் ஓடத் தொடங்கிவிடும். வெளியூர்க்காரர் மட்டும்தான் நின்று வாசிப்பார். அதற்குள் பஸ்ஸில் சீட் போயிருக்கும்.

பாட்டையே மெதுவாக்கினால்?

ஓசுவில் ஹாஃப் டைம் போட்டால் பாட்டு 0.75 வேகத்தில் ஓடும். 180 பிபிஎம் 135 ஆகும், ஏஆர் 9-ன் 600 மில்லி செகண்டு 800 ஆகும். நோட்டுக்கு நடுவே 111. இப்போது 800-ஐ 111-ஆல் வகுத்துப் பாருங்கள், பழைய அதே ஏழுதான் வரும். எனக்கு இது புரிய வெகுகாலம் பிடித்தது. ஹாஃப் டைமில் திரையில் தெரியும் படம் மாறுவதில்லை. அதே கூட்டம், அதே உருவம். அதை வாசிக்கும் அவகாசம்தான் கூடுகிறது. ஏஆரை மாற்றினால் படமே மாறிவிடும்.

அதனால்தான் கண் குழம்புகிறவர்களுக்கு என் ஓட்டு ஹாஃப் டைமுக்கு. நாளைக்கு முழு வேகத்தில் எந்த உருவத்தைப் பார்க்கப் போகிறோமோ அதையே இன்றைக்கு நிதானமாகப் பார்க்கிறோம்.

குறை இல்லாமல் இல்லை. தட்ட வேண்டிய நேரத்தின் கட்டுப்பாடும் அதே அளவு தளர்ந்துவிடும், அதனால் அக்யூரசி நன்றாக வந்துவிட்டதாக ஏமாறலாம். பாட்டும் காய்ச்சல் வந்தவன் பாடுவது போல இழுக்கும், ரொம்ப நேரம் கேட்க முடியாது. 0.75-ல் இருந்து நேராக 1-க்குத் தாவுவதும் பெரிய தாவல். ஓசுவின் புதிய பதிப்பான லேசரில் வேகத்தை நம் விருப்பத்துக்கு நகர்த்தலாம், எட்டெர்னா என்ற இன்னொரு ரிதம் கேமில் 0.05 அளவாக ஏற்றலாம். 0.8, 0.85, 0.9 என்று ஏறுவது கண்ணுக்கும் கைக்கும் சுகம்.

இதற்கு நேர் எதிராக ஈஸி மோட் இருக்கிறது. பெயரை நம்பாதீர்கள். ஏஆரைப் பாதியாக்கும், ஏஆர் 9 மேப் 4.5 ஆகும், நோட் 1260 மில்லி செகண்டு திரையில் நிற்கும். அதே 180 பிபிஎம் ஸ்ட்ரீமில் ஒரே சமயம் 15 நோட். புதிதாக வருகிறவர் பெயரைப் பார்த்து இதைப் போட்டு, பயந்துபோய் கேமையே விட்டுவிடுவார். ஆனால் கொஞ்சம் தேறியவர்கள் கூட்டத்தைப் படிக்கப் பழக இதைவிடக் கடுமையான பயிற்சி இல்லை. வாரத்தில் ஒருநாள், சுலபமான மேப்பில், பத்து நிமிஷம். அதற்கு மேல் எனக்குத் தலைவலி வரும்.

ஒரே மேப்பா, ஊரிலுள்ள மேப்பெல்லாமா?

தம்பியிடம் நான் அதிகம் சண்டை போட்டது இங்கேதான். அவன் ஒரு பாட்டைப் பிடித்தால் விடமாட்டான். ஒரே நாளில் அறுபது தடவை. நாற்பதாவது தடவை ஒரு நோட்டும் தவறாமல், காம்போ உடையாமல் போகும், “பாத்தியா அண்ணே” என்பான். அதே அளவு கடினமான வேறு மேப்பைப் போட்டுக் கொடுத்தேன். முதல் வளைவிலேயே விழுந்தான். அவன் படிக்கவில்லை, மனப்பாடம் செய்திருந்தான்.

சின்ன வயதில் கீபோர்டு வகுப்புக்குப் போனபோது எனக்கும் இதே வியாதி. கிரேடு தேர்வுக்கு உரிய மூன்று பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன், பார்த்திராத பாட்டைப் பார்த்தவுடன் வாசிக்கிற சைட் ரீடிங் தாளை நீட்டினால் கை நடுங்கும். சார் திட்டவில்லை. தினமும் ஒரு புதுத் தாள், எனக்குத் தெரிந்ததைவிட ஒரு படி சுலபமானது. ஒரு தடவைதான் வாசிக்கலாம். தப்பு வந்தாலும் நிற்கக் கூடாது, திரும்பப் போகக் கூடாது. ஆறே மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் புதுப் பாட்டைத் தந்தாலும் பயமில்லாமல் போனது.

ரிதம் கேமிலும் அதே கதைதான். கொஞ்சம் சுலபமான, பார்த்திராத இருபது மேப்பை ஒவ்வொன்றும் ஒரு தடவை என்று ஆடினால், நூறு மேப்பில் திரும்பத் திரும்ப வருகிற ஐம்பது உருவங்கள் கண்ணில் ஏறிவிடும். சதுரங்கத்தில் 1973-ல் சேஸும் சைமனும் செய்த ஆய்வு இதற்குப் பிரபலமான சான்று. நிஜ ஆட்டத்தின் காய் நிலையைச் சில நொடி காட்டினால் கைதேர்ந்தவர்கள் அப்படியே அடுக்கிவிடுவார்கள். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அவர்களின் மேன்மை கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். அவர்களிடம் இருந்தது தனி ஞாபகசக்தி அல்ல, பழகிய கூட்டங்களின் சேமிப்பு.

அதற்காக ஒரே மேப்பை உருட்டுவது வீண் என்று சொல்லவில்லை. விரலுக்கு வராத ஒரு வேகத்தை வரவழைக்க அதுதான் வழி. ஸ்கோர் போட வேண்டும் என்றாலும் அதுதான். ஒரே பாட்டை விட மனசில்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: நோட் மேலிருந்து இறங்குகிற பீட்மேனியாவிலும் ஓசுமேனியாவிலும் இருக்கிற மிரர், ரேண்டம். பாட்டு அதே, தாளம் அதே, நோட் விழும் தடம் மட்டும் வேறு. மனப்பாடம் செல்லாது. தம்பிக்கு நாலு கீ மேனியாவில் ரேண்டம் போட்டுக் கொடுத்தேன், ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை.

ஹிடன், மறைப்பு வகைகள்

சார் செய்த இன்னொரு வேலை. ஒரு பழைய கிறிஸ்துமஸ் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் வாசித்துக்கொண்டிருக்கும் பாரையே (தாளில் உள்ள தாளக் கட்டத்தையே) மூடிக்கொண்டு வருவார். கண் வேறு வழியில்லாமல் அடுத்த பாருக்கு ஓடும். ஓசுவின் ஹிடன் மோட் செய்வதும் அதேதான்: தட்ட வேண்டிய நொடிக்கு முன்பே நோட் மங்கி மறைந்துவிடும், எப்போது தட்ட வேண்டும் என்று காட்டச் சுருங்கி வரும் வளையமும் இருக்காது. அந்த வளையத்தையே வெறித்துக்கொண்டு ஆடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது நல்ல மருந்து. கண் முன்னால் போகவும் காது தாளத்தைப் பிடிக்கவும் கட்டாயப்படுத்தும்.

பீட்மேனியாவின் சடன் பிளஸ் எதிர்த் திசை. மேல் பகுதியை மூடும், நோட் தாமதமாகத்தான் வெளியே வரும். கூட்டம் குறையும், கண் ஒரே பட்டையில் நிற்கும். மேனியா வகை ஆடுகிறவர்கள் இதையும் ஸ்க்ரோல் ஸ்பீடையும் சேர்த்தே தங்களுக்கு ஏற்றபடி திருகிக்கொள்ளலாம். தம்பி இருக்கும் நிலையில் இரண்டுமே வேண்டாம். எழுத்து தெரியாதவனுக்கு எழுத்தை மறைத்து என்ன பயன்?

கருவிக்குச் செலவு

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்டு, 144-ல் 6.9. நகரும் நோட் தெளிவாகத் தெரியும், வித்தியாசம் உண்மைதான். நான் நாகர்கோவிலில் செகண்ட் ஹேண்டில் ஒரு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி வந்து, “அப்பாடா, இப்போதான் நோட்டே தெரியுது” என்று மூன்று மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒருநாள் விண்டோஸ் செட்டிங்கைத் திறந்தால் 60-லேயே ஓடிக்கொண்டிருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, மாற்ற வேண்டியது நான். மூன்று மாதத்தில் என் கண் தேறியதற்கும் மானிட்டருக்கும் சம்பந்தமில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. 144-க்கு மாற்றிய பிறகு நிஜமாகவே சுகமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போனில் ஆடுகிறவர்களுக்குக் கட்டை விரலே பாதித் திரையை மறைக்கும். ஸ்டாண்டில் சாய்த்து வைத்து ஆள்காட்டி விரல்களால் ஆடினால் படிப்பது சுலபமாகிவிடும். காசு செலவில்லை. ப்ளூடூத் ஹெட்செட்டை மட்டும் கழற்றி வையுங்கள். சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் நூறு, இருநூறு மில்லி செகண்டு பிந்தி வரும். கண் ஒன்று சொல்லும், காது வேறொன்று சொல்லும், பழி கண் மேல் விழும். நூறு ரூபாய் வயர் ஹெட்போன் போதும்.

தம்பிக்கு நான் கொடுத்தது இவ்வளவுதான். முதலில் இருபது நிமிஷம் புது மேப், அவன் தரத்துக்கு ஒரு படி கீழே, ஒவ்வொன்றும் ஒரு தடவை. பிறகு குழம்புகிற மேப்பை 0.75-ல் இரண்டு தடவை. கடைசியில் ஆசைக்கு, அவன் இஷ்டப் பாட்டு முழு வேகத்தில். ஏஆரைத் தொடக் கூடாது. தினம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றேன், அதை அவன் கேட்கவில்லை. எங்கள் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் சில நாள் கரண்டே பார்த்து நிறுத்திவிடும்.

முந்தாநாள் ராத்திரி வாட்ஸ்ஆப்பில் ஒரு ரீப்ளே அனுப்பியிருந்தான். அதே 180 பிபிஎம் பாட்டு, ஏஆர் 9, வேகம் 0.9. ஸ்ட்ரீம் எல்லாவற்றையும் தாண்டிவிட்டான். கடைசிக்குச் சற்று முன்னால், சும்மா நாலு நோட் வருகிற இடத்தில் நாலும் மிஸ். நான் இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். படிக்கக் கஷ்டமான இடமே இல்லை. என்னடே ஆச்சு என்று கேட்டேன்.

“அப்பத்தான் அம்மை மீன் வாங்க விளிச்சா அண்ணே.”