ஹூஸ்டனில் கைத்துப்பாக்கி, எடிசனில் ஷாட்கன்

வீட்டுப் பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி நல்லதா, ரைஃபிள் நல்லதா என்று யாராவது கேட்டால், எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பாதி பதிலை முகவரியே சொல்லிவிடும்.

அதற்கும் முன்னால் விசா இருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. "என் பெயரில் வாங்கித் தருகிறேன்" என்று எந்த நண்பராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது தனிக் குற்றம்.

நான் இருப்பது டெக்சாஸ் ஹூஸ்டனில், அத்தை மகன் இருப்பது நியூஜெர்சி எடிசனில். இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வாங்கக் கிளம்பினோம். நான் கடையில் மத்திய அரசின் படிவத்தை நிரப்பினேன். பின்னணிச் சரிபார்ப்பு முடிந்ததும், அன்று மாலையே ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா போடும் க்ளாக் 19 கைத்துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டது. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து வேறு சட்டத் தடை இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடலாம். நான் அப்படியும் லைசென்ஸ் எடுத்தேன். பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற மத்தியச் சட்டம், மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்குத் தருகிறது. என் வழக்கமான பாதையில் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன.

எடிசன் கதை வேறு. அங்கே துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை முதலில் வேண்டும். கைரேகை, நன்னடத்தைக்குச் சாட்சி சொல்ல இரண்டு பேர் என்று அது நீளும். ரைஃபிளோ, ஒரே தோட்டாவில் பல சிறு குண்டுகளைப் பாய்ச்சும் ஷாட்கன்னோ வாங்க அந்த அட்டை போதும். கைத்துப்பாக்கி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி பெர்மிட் வேண்டும். ராணுவ ரைஃபிள் சாயலில் இருக்கும் ஏஆர்-15 வகையறாவுக்கு 1990 முதல் தடை. துப்பாக்கியில் செருகும் தோட்டாக் கூடான மேகசினில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது. உடலில் பட்டதும் விரியும் குழிமுனைத் தோட்டாவை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வெளியே வைத்திருக்கக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. இவற்றையெல்லாம் எதிர்த்து வழக்குகள் ஓடிக்கொண்டிருப்பதால், வாங்கும் நாளன்று மாநிலக் காவல்துறை என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. அத்தை மகன் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் ஷாட்கன் ஒன்றை வாங்கினான்.

கலிபோர்னியாவைப் பற்றிச் சுருக்கமாக: பத்து நாள் காத்திருப்பு, மாநிலம் ஒப்புக்கொண்ட கைத்துப்பாக்கிகளின் பட்டியல், பிடியின் வடிவம் வரை கணக்குப் பார்க்கும் ரைஃபிள் சட்டம். அங்கே மாடலைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போவதைவிட, பட்டியலைப் பிடித்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

இனி சாதனத்துக்கு வருவோம். வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை பற்றிய ஹெல்லர் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் கைத்துப்பாக்கியின் பக்கம் பல காரணங்களை அடுக்கியது: எட்டும் இடத்தில் வைக்கலாம், எளிதில் பறித்துவிட முடியாது, உடல் வலு குறைந்தவருக்கும் ஏற்றது, ஒரு கையில் நீட்டிக்கொண்டு மறு கையால் போலீசுக்குப் போன் செய்யலாம். வலு பற்றிய காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. என் மனைவிக்குக் க்ளாக்கின் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுப்பதே பெரும்பாடு. சுடும் பயிற்சிக் கூடத்தில் 21 அடி தூரத்திலிருந்து அவர் சுட்ட பத்தில் நான்கு, சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்கு வெளியே போயின. பிறகு அதே ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா போடும் கார்பைன் என்ற குட்டை ரைஃபிள் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தேன். தோள், கன்னம், இரண்டு கைகள் என்று பிடிமானம் கிடைத்ததும் பத்துத் துளைகளையும் ஒரு வெற்றிலையால் மூடிவிடலாம் போல இருந்தது.

ஆனால் நீளமான துப்பாக்கியோடு குறுகிய நடைவழியில் திரும்பிப் பாருங்கள், கதவு நிலையில் இடிக்கும். குழந்தையைத் தூக்க ஒரு கை வேண்டுமென்றால் ரைஃபிள் தோற்றுவிடும். ஏஆர் வகை ரைஃபிளை மூடிய அறைக்குள் காதுக்கவசம் இல்லாமல் சுட்டால் அந்தச் சத்தத்தில் காது என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஷாட்கன் வைத்திருந்தால் குறி பார்க்கவே வேண்டாம் என்பது வெறும் கதை. அறைக்குள் இருக்கும் தூரத்தில் குண்டுகள் அதிகம் போனால் உள்ளங்கை அகலத்துக்குத்தான் விரியும். சுடும்போது துப்பாக்கி பின்னுக்குத் தரும் உதையோ தோளைப் பதம் பார்த்துவிடும்.

சுவரை மறந்துவிடாதீர்கள். நம் ஊர்ச் செங்கல் சுவரை நினைத்துக்கொண்டு முடிவெடுப்பவர்கள் உண்டு. இங்கே உட்சுவர் என்பது மரச்சட்டத்தின் இருபுறமும் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகை. விரல் முட்டியால் தட்டினால் அட்டைப்பெட்டி போல ஒலிக்கும். ஒன்பது மில்லிமீட்டரும் ஷாட்கன் குண்டும் அதில் இரண்டு மூன்று சுவர்களைத் தாண்டிவிடும். ஏஆர் வகை ரைஃபிளில் போடும் எடை குறைந்த .223 தோட்டா சில சமயம் அவற்றைவிடச் சீக்கிரம் சிதறும் என்றாலும், அடுத்த அறையில் தூங்கும் குழந்தைக்கு அதுவும் ஆபத்துதான். அபார்ட்மென்ட்டில் இருப்பவருக்கு அடுத்த அறை என்பது பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறையாகவும் இருக்கலாம்.

பூட்டி வைப்பதில் கைத்துப்பாக்கிதான் எனக்குச் சரி. விரல் வைத்தால் திறக்கும் சின்னப் பெட்டி கட்டிலோரம் அடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் ஏற்படும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் பதின்பருவப் பிள்ளையோ மனம் தளர்ந்திருக்கும் ஒருவரோ இருந்தால் என் பரிந்துரை பூட்டு, கேமரா, நாய், துப்பாக்கி வேண்டாம்.

எப்போது சுடலாம் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. நியூஜெர்சியில் வீட்டுக்குள் பின்வாங்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. தெருவில், முழுப் பாதுகாப்போடு விலக வழியிருந்தால், உயிர்பறிக்கும் பலத்தைப் பயன்படுத்தாமல் விலகியாக வேண்டும். டெக்சாஸில், தாக்குதலை நீங்கள் தூண்டாதவரை, சட்டப்படி நிற்கக்கூடிய இடத்தில் அந்தக் கட்டாயம் இல்லை.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே பயணம் செய்வதுதான் பெரிய வம்பு. 2013-இல் பென்சில்வேனியா லைசென்ஸ் வைத்திருந்த ஒரு தாய், அது நியூஜெர்சியிலும் செல்லும் என்று நம்பிக் கைத்துப்பாக்கியோடு எல்லை தாண்டினார். போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியபோது அவரே அதைச் சொன்னார், கைதானார். 2015-இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கிய பிறகே வழக்கு ஒழிந்தது. என் க்ளாக்கின் பதினைந்து தோட்டா மேகசினை மட்டும் கொண்டுபோனாலே அங்கே குற்றம். தீபாவளிக்கு எடிசன் போகும்போது அது ஹூஸ்டனில் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்; அங்கே இருக்கும் நாட்களில் என்னை அத்தை மகனின் ஷாட்கன்தான் காக்க வேண்டும்.