எண்ணெய் ஹீட்டரும் எங்கள் மரத்தரையும்: நான்கு பனிக்காலங்களுக்குப் பிறகு

சமவெளியிலிருந்து மாற்றலாகி ஊட்டிக்கு வந்திருக்கும் நண்பர் ஒருவர், எங்கள் வீட்டில் இருப்பதைப் போன்ற எண்ணெய் ஹீட்டரை வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அன்று காலையில்தான் அதைப் பழுது பார்த்தவருக்கு 650 ரூபாய் கொடுத்திருந்தேன். அந்த எரிச்சலில் சொல்லும் பதில் நியாயமாக இருக்காது என்று தோன்றியதால், சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் அதன் அருகிலேயே இருந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஒன்பது தகடுகள், 2000 வாட், மூன்று நிலைச் சூடு என்பவையெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வேண்டியது எங்கள் வீட்டைப் பற்றி. ஊட்டியில் காந்தல் என்ற இடத்தின் பள்ளமான பகுதியில், மரப்பலகைத் தரையுள்ள பழைய வீடு அது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டுத் தெருவில் நீர்ப்பனியோடு நின்றுவிடும் நாளிலும் எங்கள் வாசலில் உறைபனி விழுவதற்கு இதுவே காரணம். சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டர் இருக்கை உப்புத் தூவியதைப் போல வெளுத்திருந்தது. வெளியே வைத்திருந்த வாளியில் கண்ணாடித்தாள் கனத்துக்கு நீர் உறைந்திருந்தது. தாவரவியல் பூங்காவில் செடிகளை மிலார் என்ற செடியின் கொப்புகளைக் கொண்டு மூடுவதைப் போல நாங்கள் சாக்குப் போர்த்தியிருந்த ரோஜாக்கள் தப்பின. போர்த்தாமல் விட்ட ஓரத்துச் செடிகள் வெயில் ஏறியதும் கருகிவிட்டன.

அதன்பின் இரண்டு நாட்களும் யாரும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. ஹீட்டர் இருக்கும் அறையிலேயே அம்மா மொச்சை உரித்தார்கள், மகள் பரீட்சைக்குப் படித்தாள், மனைவியும் நானும் பல நாட்களாகத் தள்ளிப்போட்ட பழைய புகைப்படங்களைத் தேதி பார்த்து அடுக்கினோம். இந்த ஹீட்டரில் நான் சற்றும் எதிர்பாராத சுகம் அதன் அமைதி. காற்றை ஊதும் ஹீட்டரின் இரைச்சலும் இல்லை. சிவந்து எரியும் கம்பி ஹீட்டரைப் போல முகத்தைச் சுட்டு முதுகைக் குளிரில் விடுவதும் இல்லை. அறை சூடேற முக்கால் மணி நேரம் ஆகிறது என்பது உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை மின்சாரம் போன பிறகும், உள்ளே இருக்கும் எண்ணெய் அரை மணி நேரத்துக்கு மேல் கதகதப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த எண்ணெய் எரிவதில்லை, குறைவதுமில்லை. சூட்டைத் தாங்கிப் பரப்புவது மட்டுமே அதன் வேலை.

இதன் அருமை கரியில் குளிர் காய்ந்தவர்களுக்குத்தான் முழுமையாகத் தெரியும். என் சிறுவயதில் அப்பா இரவு படுப்பதற்கு முன் கும்முட்டி அடுப்பைத் தவறாமல் வெளியே எடுத்து வைத்துவிடுவார். எவ்வளவு குளிரானாலும் அடுப்பு உள்ளே இருக்கும் வரை ஜன்னல் திறந்தே இருக்கும். கரி கனியும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி இந்த மலையிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அம்மாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு நான் அச்சமின்றி உறங்க முடிகிறது என்றால், அதற்கு இந்த ஹீட்டருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் தொடர்ந்து உறங்க அது விடுவதில்லை. ஹீட்டர் சாய்ந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று அடியில் இருக்கிறது. எங்கள் தரைப் பலகைகள் பல இடங்களில் குழிந்திருப்பதால், இரவில் யாராவது எழுந்து நடந்தால் போதும், பலகை அதிர்ந்து சக்கரம் குழியின் பக்கம் நகர்ந்து, ஹீட்டர் இம்மியளவு சாய்ந்து அணைந்துவிடும். சாய்ந்ததால் அணைந்தாலும், போதிய சூடேறி ஓய்ந்தாலும், அணைவது அதே சிவப்பு விளக்குதான். எது நடந்தது என்று அறிய நான் எழுந்து போய்த் தகட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2021 நவம்பரில் வாங்கியது முதல் எத்தனையோ உறைபனி இரவுகளில், மூன்று மணிக்கு அம்மாவின் அறை சில்லிட்டுக் கிடப்பதைக் கண்டு மனம் பதைத்திருக்கிறேன். தயாரித்த நிறுவனத்தை அழைத்தால், பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருளைக் கீழே கோயம்புத்தூருக்குக் கொண்டு வரச் சொன்னார்கள். குளிர் இருக்கும் ஊரில்தானே ஹீட்டர் பழுதாகும்?

உள்ளூர் எலக்ட்ரீசியன் தேய்ந்த சுவிட்சை மாற்றிவிட்டு, "மெஷின்ல குறை இல்லைங்க, உங்க தரைதான் மட்டமா இல்லை. வேணும்னா ரெண்டு வயரையும் சேர்த்து விட்டுடறேன், இனிமே அணையாது" என்றார். வேண்டாம் என்றேன். மரத்தரையில் சூடான ஹீட்டர் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்தவர்கள்தான் அந்தச் சுவிட்சை வைத்திருக்கிறார்கள். அந்த யோசனைக்கு நான் மரியாதை செய்கிறேன். சாய்ந்து அணைந்தால் ஒரு ஒலி எழுப்ப வேண்டும், சக்கரத்துக்குப் பதிலாகத் திருகி உயர்த்தக்கூடிய கால்கள் வேண்டும் என்பதை அவர்கள் ஏன் யோசிக்கவில்லை என்பதுதான் என் கோபம்.

ஞாயிறு மதியம் தச்சரிடம் ரசமட்டம் வாங்கி வந்து, தேக்குப் பலகை ஒன்றை ஆப்பு வைத்து மட்டமாக்கி, அதன்மேல் ஹீட்டரை நிறுத்தினேன். அன்றிரவு அணையவில்லை. நான்கு ஆண்டுகளாக இதை நானே செய்திருக்கலாம் என்றாலும், அது என் வேலையாக இருந்திருக்கக் கூடாது என்றே இன்னும் நினைக்கிறேன்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1200 வாட்டில் வைத்தால், இடையிடையே ஓய்வது போக, ஓர் இரவுக்கு ஐந்து யூனிட் அளவில் ஆகிறது; இரண்டு மாதக் கணக்கில் 300 யூனிட். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும் என்பதால், வீட்டின் மற்ற மின்செலவைக் கவனித்துக்கொள்ள வேண்டும். தனி வயர் இழுத்த 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் மாட்ட வேண்டும்; எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஒருபோதும் மாட்டக் கூடாது.

நண்பருக்கு என் பதில்: இந்த மாடலை வாங்க வேண்டாம். அவர் குடியிருப்பது சிமெண்டுத் தரை வீடு. என் குறை அவருக்கு வராது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், கீழே கொண்டு வா என்று சொன்னவர்களிடம் இன்னொருவரை அனுப்ப மனம் வரவில்லை. எங்கள் ஹீட்டர் மாசி முடியும் வரை அம்மாவின் கட்டிலருகே அந்தத் தேக்குப் பலகையின் மேல்தான் இருக்கும்.