தம்பியின் இதயம்: ஸ்கோர் கணக்கை நம்பவா, எம்.ஆர்.ஐ. பார்க்கவா?

என் தம்பிக்கு வயது 34. எச்.சி.எம். என்கிற இதயத் தசைத் தடிப்பு, பரம்பரையாக வருவது. துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகும் வாய்ப்பு அவனுக்கு எவ்வளவு என்று பார்க்க இரண்டு வழிகள் இருந்தன.

முதலாவது, ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2014இல் பரிந்துரைத்த ஸ்கோர். இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோவும், துடிப்பை நாள் முழுக்கப் பதிவுசெய்யும் ஹோல்டரும் இருந்தால் போதும், கடலூரிலேயே முடிந்துவிட்டது. ஐந்தாண்டு ஆபத்து 4 சதவீதத்துக்குக் கீழே என்றால் பொதுவாக ஐ.சி.டி. (துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் வைக்கும் கருவி) தேவையில்லை. 6 அல்லது அதற்கு மேல் என்றால் வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். தம்பிக்கு 2.7. "அக்கா, இனி விடு" என்றான்.

என்னால் விட முடியவில்லை. அப்பா 44 வயதில் துறைமுகத்தில் வலை இழுக்கும்போதே சரிந்தார். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. குடும்பத்தில் திடீர் மரணம் உண்டா என்ற கேள்விக்கு அந்த ஸ்கோரில் 'ஆம்' போட, இறந்தவர் 40 வயதுக்குள் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவருக்கு இந்த நோய் உறுதியாகியிருக்க வேண்டும். அதனால் 'இல்லை' என்று போட்டார்கள். அதை 'ஆம்' என்று மாற்றினால் 2.7 என்பது 4.2 ஆகிறது.

அப்புறம்தான் புதுச்சேரிக்குப் போய் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தோம். செலவும் அலைச்சலும் அதிகம்தான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே, காரணம் தழும்பு. தடித்த தசைக்கு நடுவே நாராகிப்போன திட்டுகள் இருந்தால், துடிப்பைத் தூண்டும் மின்னோட்டம் அங்கே தாமதித்து, சுற்றி வந்து, அதே தசையை மறுபடி மறுபடி தூண்டும். கீழறை கட்டுக்கடங்காமல் துடிப்பது அந்தச் சுழலால்தான். எக்கோ சுவரின் தடிமனைச் சொல்லும், தம்பிக்கு 22 மி.மீ. தழும்பைச் சொல்லாது. ஸ்கோரிலும் அதற்கு இடமில்லை. இடது கீழறைத் தசையில் 15 சதவீதத்தைத் தாண்டினால் தழும்பைக் கனமாக எடுத்துக்கொள்கிறார்கள். தம்பிக்கு 18. உட்கார்ந்து பேசி ஐ.சி.டி. வைத்தோம்.

நான் பார்த்தது ஒரே ஒருவனை. கருவி இன்றுவரை ஒருமுறையும் ஷாக் கொடுக்கவில்லை, அதனால் முடிவு சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்த ஊசி மருந்தைப் பற்றி முதலிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஐ.சி.டி. வைத்த பிறகு எம்.ஆர்.ஐ. படம் தெளிவாக விழுவது சிரமம், ஆகவே எடுப்பதானால் முன்பே எடுத்துவிடுங்கள்.

தம்பி மகளுக்கு ஆறு வயது. இந்த ஸ்கோர் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. சரி, அவளுக்கு முதலில் எக்கோ. அடுத்த வாரம் கூட்டிப்போகிறோம்.